கடைத் தரையில் வழுக்கி விழுந்தால் இழப்பீடு கேட்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியிலுள்ள சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கடைக்குச் சென்ற இடத்தில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவர்கள், வெட்கப்பட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விடாமல், சிந்திக் கிடந்ததையும் எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்பதையும் உடனே படமெடுத்து, மேலாளரிடம் சொல்லி எழுத்தில் பதியச் செய்து, பார்த்தவர்களின் தொலைபேசி எண்களையும் வாங்கிக்கொள்ள வேண்டும். கேமராப் பதிவு நாளடைவில் அழிந்துவிடக்கூடும் என்பதால், அதைப் பாதுகாக்குமாறு கடிதம் கொடுப்பது மிக முக்கியம்.

விழுந்த காரணத்தால் மட்டும் இழப்பீடு கிடைத்துவிடாது; தரையைக் கவனிக்கக் கடை நியாயமான ஏற்பாடு செய்யத் தவறியது என்று காட்டியாக வேண்டும். சிராய்ப்போடு போயிருந்தால் வழக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. எலும்பு முறிந்து சம்பளமும் போயிருந்தால் தயங்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தில் வழக்கறிஞர் பெறும் கட்டணம், கிடைக்கும் தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 1997ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது.