பழைய டெரய்லர் வாங்குமுன் ஃபிரேமைப் பாருங்கள்

பெஜோ பிஎக்ஸ்-10 என்ற பழைய பிரெஞ்சுப் பந்தய சைக்கிள் ஒன்றை மீட்டெடுத்தபோது, டெரய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கியர் கருவி) பற்றிக் கற்றுக்கொண்டது இது. செயினைப் பிரிக்கவும் வயரைக் கட்டவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதல் படி: பின்சக்கரம் உட்காரும் இடத்துக்குக் கீழே, டெரய்லர் மாட்டும் துளையைப் பாருங்கள். நான் இடறியது இங்கேதான். ஆசைப்பட்டு, இத்தாலிய நிறுவனமான காம்பக்னோலோவின் நல்ல நுவோவோ ரெக்கார்ட் டெரய்லர் ஒன்றை வாங்கிவிட்டேன். அதற்கு 10 மி.மீ. மரை வெட்டிய துளையும், டெரய்லர் சாய்ந்து நிற்க ஒரு சின்னப் பல்லும் வேண்டும். என் ஃபிரேமில் இருந்தது சிம்ப்ளெக்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் டெரய்லருக்கான துளை. மரையும் இல்லை, பல்லும் இல்லை. மரை வெட்டி, அரத்தால் ராவிப் பொருத்தலாம் என்றார் பட்டறைக்காரர். பொருந்தும்தான். ஆனால் ஒருமுறை வெட்டினால் பழைய ஃபிரேமின் மதிப்பு போனது போனதுதான். அதனால் வெட்டவில்லை, சிம்ப்ளெக்ஸையே தேடிப் பிடித்தேன்.

இரண்டாவது, ஆண்டு. நுவோவோ ரெக்கார்ட் 1967-இல் வந்தது. எழுபதுகளில் வந்தவற்றின் உடம்பில் ‘பேட்டன்ட்’ என்ற சொல்லோடு 74, 78 என்று இரண்டு இலக்கம் இருக்கும். 1974 ஃபிரேமில் 82 இருந்தால் நன்றாகவே ஓடும், ஆனால் சேகரிப்பவர் விலையைக் குறைப்பார். ஜப்பானிய ஷிமானோ டெரய்லர்களில் இரண்டு எழுத்துக் குறியீடு: முதலெழுத்து ஆண்டு, அடுத்தது மாதம். ‘ஏ’ 1976, ‘பி’ 1977.

மூன்றாவது, தேய்மானம். கூண்டின் (செயின் ஓடும் இரண்டு சின்னச் சக்கரங்களைத் தாங்கும் தகடுகள்) நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஜாக்கி சக்கரம் எனப்படும் அந்தச் சின்னச் சக்கரம் தேய்ந்திருந்தால் கவலையில்லை, மாற்றிக்கொள்ளலாம். சிம்ப்ளெக்ஸ் பிரஸ்டீஜின் உடம்பு டெல்ரின் பிளாஸ்டிக். போல்ட்டைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அழுக்கெடுக்க மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் போதும். பளபளப்பாக்கும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் எழுத்தெல்லாம் அழிந்துவிடும்.

ஓட்டுவதற்கு என்றால் என் தேர்வு ஜப்பானிய நிறுவனமான சன்டூர்தான். 1964-இல் அவர்கள் கொண்டுவந்த சாய்ந்த இணைகர அமைப்பில், ஜாக்கி சக்கரம் ஃப்ரீவீல் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) பற்களை ஒட்டியே நகர்வதால் கியர் சுத்தமாக விழும். காம்பக்னோலோ பெயருக்குக் கூடுதல் விலை. மேட்டில் ஏறும்போது சன்டூரே கைகொடுக்கும்.

பின்சேர்க்கை: துளையே இல்லாத ஃபிரேமுக்கு என்ன செய்வது என்று இருவர் கேட்டார்கள். அவற்றுக்கு, டெரய்லரைத் தொங்கவிடத் தனி ஹேங்கர் தகடு உண்டு. சிம்ப்ளெக்ஸ் தகடு வேறு, சன்டூர் தகடு வேறு. டெரய்லரோடு தகடும் வருமா என்று பணம் கொடுக்குமுன் கேட்டு, படம் அனுப்பச் சொல்லுங்கள்.