டைட்டானியத்தில் ஒட்டிய கிருமியை மருந்து கொல்கிறதா என்று பார்ப்பது எப்படி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி, கோவையில் ஒரு லேபுக்குத் தினமும் போய் வருகிறேன். என் அத்தைக்குக் கீழ்த்தாடையில் வைத்த டைட்டானியப் பல் இம்ப்ளான்ட் நாலாம் வருடம் சீழ் பிடித்து ஆட ஆரம்பித்தது. மருந்து போட்டால் வீக்கம் அடங்கும், பத்து நாளில் திரும்ப வரும். கடைசியில் கழற்றிவிட்டார்கள். லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லித்தான் இந்தச் சோதனையைக் கற்றுத் தருவேன்.

முதலில் ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியில் கை பழகுங்கள். சாதாரணக் காற்றிலேயே வளரும், ஒரே இரவில் பதில் தெரியும். 96 குழித் தட்டில் முல்லர் ஹின்டன் பிராத் (கிருமி வளர்க்கும் சத்துத் திரவம்) ஊற்றி, குழிக்குக் குழி மருந்தின் அளவைப் பாதியாக்கிக்கொண்டே போங்கள். கல்ச்சர், அதாவது வளர்த்த கிருமித் திரவம், 0.5 மெக்ஃபார்லாண்ட் (கலங்கலை ஒப்பிடும் அளவுகோல்) கலங்கலில் இருந்தால் மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி கிருமி. குழியில் மில்லிலிட்டருக்கு 5 லட்சம்தான் இருக்க வேண்டும், அந்த அளவுக்கு நீர்த்து விடுங்கள். 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் வையுங்கள். கலங்காத குழிகளில் எதில் மருந்து மிகக் குறைவோ, அதுதான் தடுப்பு அளவு. மருந்தில்லாத குழி, கிருமியில்லாத குழி, மருந்தைக் கரைத்த திரவம் மட்டும் சேர்த்த குழி, மூன்றும் கட்டாயம்.

அப்புறம் ஈறு நோய்க் கிருமியான போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ். இதற்கு ஆக்சிஜன் ஆகாது. ஹெமினும் வைட்டமின் கே-யும் சேர்த்த ரத்த அகாரில் (கிருமி வளர்க்கும் கூழ்), ஆக்சிஜன் நீக்கிய காற்று புகாத ஜாடியில், கறுப்புக் காலனி (கிருமி பெருகி உண்டாகும் புள்ளி) வர ஒரு வாரம்போல ஆகும். ஆடியில் கணவாய்க் காற்று அடித்தால் எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போய்விடும். இன்குபேட்டருக்கு யூபிஎஸ் இல்லாமல் அந்த வாரத்தைத் தொடங்க வேண்டாம்.

குழியில் மிதக்கும் கிருமியைக் கொன்ற அளவு, டைட்டானியத்தில் படலம் கட்டிய கிருமிக்குப் போதாது. சிலசமயம் நூறு மடங்குக்கு மேலும் தேவைப்படும். அதனால் நிஜ இம்ப்ளான்ட் போலச் சொரசொரப்பாக்கிய டைட்டானியம் வில்லைகளையே எடுங்கள். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில்) கிருமி நீக்கி, வடிகட்டிய உமிழ்நீரில் ஊறவைத்து, கிருமி விட்டு, தினமும் பிராத் மாற்றி 48 மணி நேரம் வளருங்கள். மிதப்பவை போக உப்புக் கரைசலில் மெல்ல அலசிவிட்டு மருந்தில் இறக்குங்கள். ஒப்பிட, வாய் கொப்பளிக்கும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடினை 0.2 சதவீதத்தில் வையுங்கள்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். மருந்து பட்ட வில்லையின் கிருமியை அகாரில் பரப்பிய என் முதல் தட்டில் ஒரு காலனிகூட இல்லை. அன்று ராத்திரி அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் அதே மாதிரியை நூறு மடங்கு நீர்த்துப் பரப்பினால் தட்டு முழுக்கக் காலனி! சொட்டோடு ஒட்டி வந்த மருந்து, கிருமியை அகாரிலும் வளரவிடாமல் தடுத்திருக்கிறது. குளோர்ஹெக்சிடின் என்றால் லெசித்தினும் ட்வீன் 80-ம் கலந்த கரைசலில் வில்லையைப் போட்டு, மருந்தின் வேலையை நிறுத்திவிட்டுத்தான் எண்ண வேண்டும். அந்தக் கரைசலே கிருமியைக் கொல்லவில்லை என்பதையும் தனியாகப் பாருங்கள்.

சோனிகேட்டரில் (ஒலி அலையால் அதிர்க்கும் கருவி) கொஞ்ச நேரம் அதிர்த்துப் படலத்தைப் பிரித்து, நீர்த்து அகாரில் பரப்பி, 30 முதல் 300 காலனி உள்ள தட்டுகளை எண்ணுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் மூன்று வில்லை, வேறு வேறு நாளில் மூன்று முறை.

99.9 சதவீதம் செத்தது என்றாலும், ஒரு கோடியில் பத்தாயிரம் மிச்சம் இருக்கிறது. மருந்து பட்ட வில்லை ஒன்றை எண்ணாமல் ஒதுக்கி, மருந்தை முறித்தபின் புது பிராத்தில் இரண்டு நாள் விட்டுவையுங்கள். கலங்கினால் எத்தனையாவது மணியில் கலங்கியது என்று நோட்டில் எழுதுங்கள்.