ஊடகத்தைச் சாடும் த்ரில்லர்: எழுதத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதை விவாதங்களில் இப்போது அடிக்கடி என் முன் வைக்கப்படும் கதை இது: ஒரு கொலை, அதை இரவும் பகலும் காட்டும் ஒரு செய்திச் சேனல், அந்தக் கொலையாலேயே பிரபலமாகிவிடும் ஒருவன். எழுதிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களுடைய கோபம் உண்மையானது. விபத்தில் கிடப்பவரைத் தூக்காமல் செல்போனில் படம் பிடிக்கும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோபம் வரத்தான் வேண்டும். ஆனால் பக்கங்களைப் புரட்டினால், என்னுடைய ஆரம்பகாலத் திரைக்கதைகளில் இருந்த அதே ஓட்டைகள் அதே இடங்களில் இருக்கின்றன. நீண்ட வசனம், தேவையில்லாத பிளாஷ்பேக் போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவை அடுத்தடுத்த பிரதிகளில் சரியாகிவிடும். இந்த வகைக் கதைக்கே உரிய தவறுகள்தான் பிரதி எத்தனை மாறினாலும் உள்ளேயே தங்கிவிடுகின்றன.

பழி முழுவதையும் ஒரே ஆளின் தலையில் கட்டுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. வந்து சேரும் கதைகளில் பெரும்பாலானவற்றில் ஒரு நிருபர் அல்லது சேனல் முதலாளி இருக்கிறார். டி.ஆர்.பி.க்காக அவரே கொலையை ஏற்பாடு செய்கிறார். பேய்போலச் சிரிக்கிறார். கடைசியில் சாகிறார். அரங்கம் கைதட்டுகிறது. கதை எழுதியவருக்கு அது வெற்றி என்று தோன்றுகிறது. எனக்கு அந்தக் கைதட்டலைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. ஊடக வெறியைச் சாட வந்த கதை, பார்ப்பவர்கள் எல்லோரையும் நிரபராதிகளாக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்பதுதான் அந்தக் கைதட்டலுக்குப் பொருள்.

எனக்குத் தெரிந்த ஓர் உதவி இயக்குநரின் முதல் படம் இப்படித்தான் போனது. விவாதத்தின்போதே சொன்னேன்: "இந்த ஆள் ஒருவனை எடுத்துவிட்டால் உங்கள் கதையில் உள்ள சேனல் ஒழுங்காக நடக்கும். அப்படியானால் நீங்கள் எதை விமர்சிக்கிறீர்கள்?" அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "சார், வில்லன் யாரென்று தெரியாவிட்டால் ரசிகர்கள் குழம்பிவிடுவார்கள்." படப்பிடிப்பு முடிந்து முன்னோட்டக் காட்சி போட்டார்கள். படம் வேகமாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே வந்தவர்கள் யாரும் ஊடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டைக் காட்சியைப் பற்றிப் பேசினார்கள். பிறகு செய்தி அறைக் காட்சிகளைத் திருத்தி எழுதி, செட்டை மறுபடி போட்டு எடுக்க நேர்ந்தது. தயாரிப்பாளருக்குப் பணம் போனது. அந்த இளைஞருக்கு அடுத்த படம் இன்னும் கிடைக்கவில்லை. இன்றும் அந்தப் பேச்சு வந்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

டான் கில்ராய் எழுதி இயக்கிய 'நைட்கிராலர்' (2014) படத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே பலமுறை பார்க்கச் சொல்கிறேன். நாயகன் லூ புளூம் முதல் காட்சியிலேயே திருடனாகத்தான் அறிமுகமாகிறான். ஆனால் படம் அவனுடைய கெட்ட குணத்தை நம்பி நிற்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸின் இரவில் போலீஸ் அலைவரிசையைக் கேட்டுக்கொண்டு விபத்துகளையும் கொலைகளையும் படம் பிடித்து விற்கிறான். முதலில் அருகே போய் எடுக்கிறான். அடுத்து, துப்பாக்கிச்சூடு நடந்த வீட்டுக்குள் நுழைந்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் படங்களைக் குண்டு துளைத்த தடத்தின் பக்கம் நகர்த்தி வைக்கிறான். அதற்கும் அடுத்து, விபத்தில் கிடப்பவரின் உடலையே வெளிச்சம் விழும் இடத்துக்கு இழுக்கிறான். ஒவ்வொரு படிக்கும் மறுமுனையில் காசோலை நீட்ட ஒருவர் இருக்கிறார். வாங்குபவர் நீனா. அவர் வேலை பார்க்கும் தொலைக்காட்சி நிலையம் தரவரிசையில் பின்தங்கிக் கிடக்கிறது, அவருடைய ஒப்பந்தமும் முடியப்போகிறது. செய்தி அறையில் ஆட்சேபிப்பவரும் உண்டு. ஆட்சேபணையைக் கேட்டுக்கொண்டே படம் ஒளிபரப்பாகிறது. முடிவில் லூ தண்டிக்கப்படுவதில்லை, தொழிலை விரிவுபடுத்துகிறான். கைதட்ட இடமே கொடுக்காத முடிவு அது.

கற்பனையை விடுங்கள், நடந்ததைப் பாருங்கள். 1988 ஆகஸ்ட் 16 அன்று மேற்கு ஜெர்மனியின் கிளாட்பெக் நகரில் ஒரு வங்கிக் கொள்ளை பிணைக்கைதிச் சம்பவமாக மாறி 54 மணி நேரம் நீடித்தது. கொள்ளையர்கள் பிரேமன் நகரில் ஒரு பேருந்தைக் கடத்தினார்கள். பிறகு கொலோன் நகரின் கடைத்தெருவில் அவர்களுடைய கார் நின்றபோது நிருபர்களும் புகைப்படக்காரர்களும் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். கையில் துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம் பேட்டி எடுத்தார்கள். துப்பாக்கி முனையில் இருந்த பெண்ணிடமும் கேள்வி கேட்டார்கள். ஒரு பத்திரிகையாளர் அதே காரில் ஏறி, நகரை விட்டு வெளியேற வழிகாட்டினார். எல்லாம் முடிந்தபோது பதின்வயதுச் சிறுவன் ஒருவன், 18 வயதுப் பெண், துரத்தலின்போது விபத்தில் சிக்கிய ஒரு காவலர் என மூன்று பேர் இறந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட டி.ஆர்.பி.க்காகக் கொலை செய்யத் திட்டமிட்டவர் அல்ல. பக்கத்தில் நிற்பவன் கேட்கிறான், நாமும் கேட்போம் என்று நினைத்தவர்கள். உங்கள் கதை தொட வேண்டிய இடம் இதுதான். நடந்துகொண்டிருக்கும் குற்றத்தின்போது குற்றவாளியிடம் பேட்டி எடுக்கக் கூடாது என்ற விதியை ஜெர்மனியின் பத்திரிகைக் கவுன்சில் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான்.

பில்லி வைல்டர் இதை 1951லேயே 'ஏஸ் இன் தி ஹோல்' படத்தில் செய்துவிட்டார். குகையில் சிக்கிய ஒருவனைச் சீக்கிரம் மீட்க வழி இருந்தும், செய்தி நீள வேண்டும் என்பதற்காக ஒரு நிருபன் நாள்கணக்கில் இழுக்கிறான். அவன் தனியாக இழுக்கவில்லை. ஊர்க் காவல் தலைவரான ஷெரீபுக்கு அடுத்த தேர்தல் இருக்கிறது, சிக்கியவனின் மனைவிக்குக் கடையில் வியாபாரம் பெருகுகிறது, வேடிக்கை பார்க்க வரும் குடும்பங்களுக்கு ஒரு விடுமுறை கிடைக்கிறது. 1925இல் அமெரிக்காவின் கென்டக்கியில் 'சாண்ட் கேவ்' என்ற குகையில் பிளாய்ட் காலின்ஸ் சிக்கி இறந்தபோது திரண்ட பெருங்கூட்டம்தான் இந்தக் கதைக்கு முன்னோடி. படம் வெளியானபோது தோற்றது, ஸ்டூடியோ பெயரைக்கூட மாற்றிப் பார்த்தது. இன்று இந்த வகைக் கதையை எழுதுபவர்கள் எல்லோரும் அதைத் தேடிப் பார்க்கிறார்கள்.

ஆகவே எழுத உட்காரும் முன் ஒவ்வொரு பாத்திரத்தின் பக்கத்திலும் இரண்டு விஷயங்களை எழுதுங்கள். இந்தக் கொலை செய்தியானால் இவருக்கு என்ன கிடைக்கும்? இவர் மறுத்தால் எதை இழப்பார்? எந்தச் செய்திக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் அசைன்மென்ட் டெஸ்க்கில் இருப்பவர், மாவட்டத்திலிருந்து படத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் ஸ்ட்ரிங்கர், படத்தொகுப்பாளர், காவல் நிலையத்திலிருந்து தகவல் சொல்பவர், சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவர் ஆகிய அனைவருக்கும் எழுதுங்கள். பதில் இல்லாத பாத்திரம் கதைக்குத் தேவையில்லை. எல்லாப் பாத்திரங்களுக்கும் நியாயமான பதில் இருந்தும் கடைசியில் ஒரு பிணம் விழுந்தால், உங்களுக்குக் கதை கிடைத்துவிட்டது.

நல்ல வசனங்களையெல்லாம் கொலைகாரனுக்குக் கொடுப்பது

காகிதத்தில் நீங்கள் அவனைக் கேலி செய்திருக்கலாம். திரையில் நடிகரின் நடை, பின்னணி இசை, ஸ்லோமோஷன் மூன்றும் சேர்ந்தால் அவன்தான் நாயகன். ஆலிவர் ஸ்டோனின் 'நேச்சுரல் பார்ன் கில்லர்ஸ்' (1994) கொலைகாரர்களை நட்சத்திரமாக்கும் தொலைக்காட்சியைத்தான் தாக்கியது. ஒரு வீட்டுக்குள் நடக்கும் கொடுமையை நகைச்சுவைத் தொடர்போலப் பின்னணிச் சிரிப்புடன் காட்டிய துணிச்சல் அதில் உண்டு. ஆனாலும் கொலைகாரர்களை அழகாகக் காட்டிய படம் என்ற குற்றச்சாட்டும் அதையே துரத்தியது. அந்தப் படத்துக்கு எதிராக அமெரிக்காவின் லூசியானாவில் தொடரப்பட்ட வழக்கு 2001இல்தான் தள்ளுபடியானது. ஸ்டோன் போன்றவருக்கே கைமீறிப் போகக்கூடிய விஷயம் இது. முதல் கதை எழுதுபவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இரத்தத்தைக் கூட்டுவது

கூட்டினால் இரத்தம்தான் கூடும்.

டி.ஆர்.பி. உடனே ஏறுவதாகக் காட்டுவது

கட்டுப்பாட்டு அறையில் ஒரு திரை, அதில் டி.ஆர்.பி. எண் நொடிக்கு நொடி ஏறுகிறது, முதலாளி துள்ளிக் குதிக்கிறார். இந்தக் காட்சியை எழுதாதீர்கள். இந்தியாவில் தொலைக்காட்சிப் பார்வையாளர்களைக் கணக்கிடும் பார்க் (BARC) அமைப்பின் தரவு வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை வருவது. செய்திச் சேனல்களுக்கான தரவு 2020 அக்டோபரில் நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில் மறுபடி வந்தபோது நான்கு வாரச் சராசரியாக வந்தது. உடனடியாகத் தெரிவது யூடியூப் நேரலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது மட்டுமே. அதைப் பயன்படுத்துங்கள். எண் தெரியாமல், வியாழக்கிழமைக்குக் காத்திருக்கும் பதற்றத்தில்தான் உண்மையான நாடகம் இருக்கிறது.

பார்ப்பவர்களை முட்டாள்களாக்குவது

1994 ஜூன் 17 அன்று கொலைக் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ. ஜே. சிம்ப்சனின் வெள்ளை பிராங்கோ காரை போலீஸ் பின்தொடர்ந்தபோது சுமார் 9.5 கோடி அமெரிக்கர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மேம்பாலங்களில் வாசக அட்டைகளுடன் நின்று ஆரவாரம் செய்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் அல்ல. தங்களுக்குத் தெரிந்த ஒரு மனிதனின் வாழ்க்கை கண்ணெதிரே முறிவதைப் பார்க்கத் தாங்களாகவே வந்தவர்கள். உங்கள் கதையில் டீக்கடையில் வாய் பிளந்து நிற்கும் நாலு பேரைக் காட்டி இதை முடித்துவிடாதீர்கள். அவர்களில் ஒருவருக்காவது பார்ப்பதற்கு ஒரு காரணம் கொடுங்கள், முடிந்தால் நல்ல காரணமாகவே கொடுங்கள்.

இறந்தவருக்குப் பெயர் இல்லாமல் விடுவது

நூற்றிருபது பக்கத் திரைக்கதையில் கொலைகாரனின் பள்ளிப் பருவம் இருக்கிறது, இறந்த பெண்ணின் பெயர் இல்லை. ஊடகம் செய்வதாக நீங்கள் குற்றம்சாட்டுவதும் இதையேதான். 2019இல் கிறைஸ்ட்சர்ச் மசூதித் தாக்குதலுக்குப் பிறகு, கொலையாளியின் பெயரைத் தன் வாயால் சொல்ல மாட்டேன் என்று நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார், இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இந்த முடிவைத் தன் செய்தி அறையில் எடுக்க முயன்று தோற்கும் ஓர் ஆசிரியரை வைத்து முழுக் கதையே எழுதலாம். இதுவரை யாரும் என்னிடம் கொண்டுவரவில்லை.

கடைசியில் நீதிபதி பேசுவது

வெட்டிவிடுங்கள்.

கமாண்டோ நடவடிக்கையை நேரலையில் காட்டுவது

2008 மும்பைத் தாக்குதலின்போது சேனல்கள் அப்படிக் காட்டின, 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டன. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்லும் தகவலை மட்டுமே சேனல்கள் தரலாம். உங்கள் கதை அதற்குப் பிறகு நடந்தால், சேனல் நேரலை காட்டும் காட்சியில் விதியை மீறுவது யார், அந்த உத்தரவு எந்த மேசையிலிருந்து வந்தது என்பதையும் எழுதியாக வேண்டும்.