ஹைரோகிளிஃப் படிக்கக் கிளம்புகிறீர்களா? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்

ஹைரோகிளிஃப் என்பது பண்டைய எகிப்தியரின் பட வடிவ எழுத்து. ஆந்தை, பாம்பு, கை, கால் என்று எகிப்தியக் கல்வெட்டில் வரிசையாகப் பார்த்ததும், படத்தை வைத்தே பொருளை ஊகித்துவிடலாம் என்று தோன்றும். 17ஆம் நூற்றாண்டில் அத்தனாசியஸ் கிர்ச்சர் என்ற பெரிய அறிஞரே ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு தத்துவம் கற்பித்துப் பக்கம் பக்கமாக எழுதினார், எல்லாம் வீண். ஆந்தை பெரும்பாலும் வெறும் 'ம்' தான். 1822இல் ஷாம்போலியன் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்த ஒலிக் கணக்கைப் பிடித்த பிறகுதான் உருப்படியான வாசிப்பே தொடங்கியது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. நினைவுப்பொருள் கடைகளில் விற்கும் 24 எழுத்து அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டு, குறிக்கு ஒரு ஒலி என்று கூட்டிக்கொண்டே போவது. இரண்டு மூன்று மெய்யொலிகளைச் சேர்த்துத் தரும் குறிகள் ஏராளம். இதயமும் மூச்சுக்குழாயும் சேர்ந்த ஒரு குறியைப் பாருங்கள்: அது ஒன்றே 'ந்ஃப்ர்', நல்ல, அழகான என்று பொருள். ஆனால் பக்கத்திலேயே கொம்புப் பாம்பும் ('ஃப்') வாயும் ('ர்') நிற்கும். உடனே 'ந்ஃப்ர்ஃப்ர்' என்று படித்துவிடாதீர்கள். பின்னால் வரும் இரண்டும் முதல் குறியின் ஒலியை உறுதிப்படுத்த வந்தவை, அவ்வளவுதான். அடுத்து வீடு, வாய், நடக்கும் கால்கள் என்று வந்தால் 'வெளியே போ' என்ற வினை. வீடு 'ப்ர்', வாய் அதே 'ர்' ஒலியைத்தான் மறுபடி காட்டுகிறது, கால்களுக்கு ஒலியே கிடையாது, இது நகர்வு பற்றிய சொல் என்று மட்டும் சொல்லும். சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாத எழுத்தில், ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதையும் பல நேரம் இந்த ஊமைக் குறிகள்தான் காட்டிக்கொடுக்கின்றன, அதனால் அலட்சியமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

சரி, திசை. மனிதரும் விலங்குகளும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். பாடநூல்கள் இடமிருந்து வலமாக அச்சிடுகின்றன, கல்லிலோ வலமிருந்து இடம்தான் அதிகம். இரண்டு பக்கமும் எழுதிப் பழகுங்கள்.

உயிரொலி எழுதப்படவில்லை என்பதால் 'நெஃபெர்' என்று நாம் சொல்வது வாய்க்கு வசதியாகப் போட்டுக்கொண்ட 'எ' தான், அன்றைய உச்சரிப்பு என்று நம்பிவிட வேண்டாம்.

துட்டன்காமூன் என்ற மன்னரின் பெயரை முதலிலிருந்து எழுத்துக்கூட்டினால், அதிலுள்ள 'அமூன்' என்ற கடவுளின் பெயர்தான் முன்னால் வரும். கடவுளையும் அரசரையும் மரியாதைக்காக முன்னால் எழுதுவது அவர்கள் வழக்கம், வாசிக்கும்போது நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இலவசமாகக் கிடைக்கிறதே என்று வாலிஸ் பட்ஜ் என்ற ஆங்கிலேய அறிஞரின் 1920ஆம் ஆண்டு அகராதியைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம், அதன் ஒலிபெயர்ப்பு முறை இன்றைய பாடநூல்களோடு ஒத்துப்போகாது.

அப்புறம், எடுத்த எடுப்பில் பிரமிடு வாசகங்களில் (பிரமிடுகளின் உள்சுவர்களில் செதுக்கிய பழைய சமய வாசகங்கள்) கைவைக்காமல், இறந்தவர்களுக்காக வைத்த நினைவுக் கற்களில் தொடங்குங்கள். 'மன்னர் தரும் காணிக்கை' என்ற ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வரும். ரொட்டி, பீர், மாடு, பறவை என்று பட்டியல் நீளும். அங்கே ஒரு தாமரைச் செடி தென்பட்டால் பூ என்று படித்துவிடாதீர்கள், அது ஆயிரம் என்ற எண்.