பைஷ்பீலுக்குள் விளையாட்டு இல்லை

போன மாதம் மூன்று பேர் ஆளுக்கொரு கட்டுரை அனுப்பி, பார்த்துத் தரச் சொன்னார்கள். மூன்றுமே ஜெர்மானிய மொழிகளில் (ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் எல்லாம் இந்தக் குடும்பம்) விளையாட்டைக் குறிக்கும் சொற்களின் வரலாறு. ஒன்றைப் படித்தபோது காது சூடாகிவிட்டது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு, ஏறக்குறைய அதே வாக்கியத்தில். எழுத்துப்பிழை, ஆண்டுக் குழப்பமெல்லாம் அகராதியைத் திறந்தால் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஷ்பீல் என்று காதில் விழுவதெல்லாம் ஷ்பீல் அல்ல

ஜெர்மனில் விளையாட்டுக்கு ஷ்பீல் என்று பெயர். எடுத்துக்காட்டுக்கு பைஷ்பீல். 'பை' என்றால் பக்கத்தில், கூட. அப்புறம் என்ன? 'ஜெர்மானியருக்கு எடுத்துக்காட்டு என்பதே கூடவே ஆடும் விளையாட்டுதான்' என்று அழகான வாக்கியம் ஒன்று தானாக வந்து விழும். எனக்கும் விழுந்தது. மொழி கற்பவர்களுக்காக நான் எழுதிய சிறுநூலின் முன்னுரையில் அதைப் போட்டு, அதை வைத்தே ஒரு பக்கம் கற்பித்தல் தத்துவமும் பேசியிருந்தேன். நூல் வெளிவந்து இரண்டு வாரத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. ஒரே வரி: "பழைய வடிவத்தைப் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. பார்த்திருந்தால், இடைக்கால ஜெர்மனில் அந்தச் சொல் 'பீஸ்பெல்' என்று இருந்தது தெரிந்திருக்கும். விளையாட்டு என்பது 'ஸ்பில்', இகரம். இதுவோ 'ஸ்பெல்', எகரம். ஸ்பெல் என்றால் பேச்சு, கதை. பேச்சோடு பேச்சாகச் சொல்லும் உவமைக்கதைதான் பீஸ்பெல். பழைய ஆங்கிலத்திலும் இதே பொருளில் இதே சொல் உண்டு. நற்செய்தியைக் குறிக்கும் காஸ்பல் முதலில் 'கோட்ஸ்பெல்', அதாவது நல்ல செய்தி. மந்திரத்தைக் குறிக்கும் ஆங்கில ஸ்பெல்லும் இந்தக் குடும்பம்தான். ஜெர்மனில் ஸ்பெல் தனிச்சொல்லாக வழக்கொழிந்தது. பொருள் புரியாமல் நின்ற பின்பாதியை மக்கள் தங்களுக்குத் தெரிந்த ஷ்பீலாக ஆக்கிக்கொண்டார்கள். எகரம் இகரமானது அப்படித்தான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர், இன்று வழக்கொழிந்த கோதிக் என்ற ஜெர்மானிய மொழியில் பைபிளைப் பெயர்த்தார். அந்த மொழியில் 'ஸ்பில்' என்று இகரத்தோடு ஒரு சொல் கிடைக்கும். கிடைத்தது ஆதாரம் என்று துள்ளாதீர்கள். பழைய எகரம் கோதிக்கில் பொதுவாக இகரமாகிவிடும். அந்த ஸ்பில்லும் கதைதான். ஆகவே பழைய வடிவத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, அந்த மொழியில் உயிரெழுத்துகள் எப்படி மாறின என்பதையும் பார்க்க வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். கையில் மிச்சமிருந்த பிரதிகளுக்காகச் சொந்தக் காசில் திருத்தத் துண்டு அச்சடித்தேன். மைதாப் பசை காய்ச்சி, மூன்று இரவு உட்கார்ந்து ஒட்டினேன். துண்டு கோணலாகப் போனால் பிய்த்தெடுக்கவும் முடியாது; கீழே இருக்கும் தவறான வரி பாதி தெரியும். அதற்குள் விற்றுப்போன பிரதிகளை ஒன்றும் செய்ய முடியவில்லை. போன மாதக் கட்டுரைக்காரர் அப்படியொரு பிரதியிலிருந்துதான் எடுத்திருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். கேட்கத் தைரியம் வரவில்லை.

இன்றைய 'ப்ளே'யை அன்றைக்குக் கொண்டுபோகாதீர்கள்

ப்ளேயின் பழைய ஆங்கில வடிவமான 'ப்ளெகா' என்றால் விளையாட்டு மட்டுமல்ல, விறுவிறுப்பான எந்த அசைவும்தான். கவிதையில் வாளோடு ப்ளெகாவைச் சேர்த்தால் போர். ஈட்டியோடு சேர்த்தாலும் போர். இதற்கு உறவான ஜெர்மன் வினைச்சொல்லுக்கு, நோயாளியைப் பராமரிப்பது, வழக்கமாக ஒன்றைச் செய்வது என்றெல்லாம் பொருள். டச்சுக்காரர்களோ தங்கள் வடிவத்தைக் குற்றம் புரிவதற்கும் பயன்படுத்துகிறார்கள்! இதில் எது மூலப்பொருள் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

தமிழோடு முடிச்சுப் போடாதீர்கள்

வாளும் ப்ளெகாவும் சேர்ந்து போரானதுபோல், தமிழில் போராட்டத்துக்குள்ளும் ஆட்டம் இருக்கிறது, சரி. அது ஒப்புமை, உறவு அல்ல.

ஸ்போர்ட், ஷ்பாஸ்

முதலாவது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டாவது, ஜெர்மனில் வேடிக்கையைக் குறிப்பது, இத்தாலியிலிருந்து வந்தது. பரம்பரைச் சொற்களின் பட்டியலில் இவற்றைச் சேர்க்காதீர்கள்.

'லேக்' குழந்தைகளுக்கு, 'ஸ்பேல்' கால்பந்துக்கு

ஸ்வீடிஷ் மொழியில் குழந்தைகள் மணலில் விளையாடுவது லேக். கால்பந்து, சீட்டு, வயலின் எல்லாம் ஸ்பேல். இரண்டையும் 'விளையாட்டு' என்று ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டு, ஏன் இரண்டு சொல் என்று வாசகரைத் திணற வைக்காதீர்கள். ஸ்பேல் தாழ்ஜெர்மனிலிருந்து, அதாவது வட ஜெர்மனிப் பக்கத்து மொழியிலிருந்து, வந்த விருந்தாளி. லேக் வீட்டுக்காரன், பழையவன். பைபிளில் யோவானின் தாய் எலிசபெத்தின் வயிற்றில் பிள்ளை துள்ளியதைச் சொல்லும் இடத்தில் வுல்ஃபிலா போட்டிருப்பது இதன் உறவுச் சொல்லைத்தான். துள்ளல், பிறகு ஆட்டம், பிறகு விளையாட்டு. டேனிஷ் மொழியில் 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் 'லெக் கொட்' என்ற இரண்டு சொற்களைச் சுருக்கி 1934இல் வைத்த பெயர்தான் லெகோ. லத்தீனில் 'நான் சேர்க்கிறேன்' என்றும் அதற்குப் பொருள் வருவது தற்செயல்.

வெட்லாக்

திருமணத்தைக் குறிக்கும் இந்த ஆங்கிலச் சொல்லின் பின்பாதி பூட்டு இல்லை. லேக்கின் உறவான பழைய விகுதி அது. பூட்டு நகைச்சுவையை மூன்று கட்டுரைகளிலிருந்தும் வெட்டிவிட்டேன்.