ஊருக்கு ஆக்குற சோத்துல நாங்க விட்ட பிழைகள்

மாசத்துக்கு ஒருக்கா ஊர்ல எல்லாருக்குமாச் சேத்து சோறு ஆக்குவம், இங்க விளையிறத வச்சே ஆக்குவம் எண்டு மட்டக்களப்புப் பக்கம் கன பேர் யோசிக்கிறாங்க. நல்லம். நாங்க தொடங்கினப்ப விட்ட பிழைய நீங்களும் விடாதீங்க எண்டுதான் இத எழுதுறன்.

பெரிய பிழை, மெனுவ முதல்ல எழுதிட்டு அதுக்குப் பிறகு சாமான் தேடப் போறது. எங்கட முதல் சமையல் 2024 ஜனவரி, ஒருத்தன் ப்ரைட் ரைஸ் எண்டான், உடனே எல்லாருக்கும் அதுலதான் ஆசை. கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் மலைநாட்டுல இருந்து தம்புள்ளைக்கு வந்து அங்கிருந்து லொறி ஏறி நமக்கு வாற சாமான், அந்த மாசம் பாத்து கரட் கிலோ 2000 ரூபாய்க்குக் கிட்டப் போய் நிக்கிது. இருந்த காசெல்லாம் மரக்கறிக்கே முடிஞ்சு 100 பேருக்கு எண்டு சொன்ன சாப்பாடு 60 பேரோட சரி. அதே கிழமை வயல் வட்டைக்குள்ள வரம்பு வழிய வல்லாரையும் பொன்னாங்காணியும் மழைக்குத் தளதளண்டு நிக்கிது, வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில, சோளனும் பூசணியும் கிடக்கு. சாப்பாடு கிடைக்காமத் திரும்பின ஒரு ஆச்சி கேட்டா, "ஏன் புள்ள, ஒரு இலைச் சுண்டலும் தேங்காய்ப்பால் ஆணமும் வச்சிருந்தா எனக்கும் ஒரு பிடி மிஞ்சியிருக்குமே?" முகத்த எங்க வைக்கிறது எண்டே தெரியல்ல.

இப்ப நாங்க முதல்ல சந்தைக்குள்ள ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் மெனுவே பேசுற. மாரி மழைக்கு இலை வகை தாராளம், ஆனா கடல் கொந்தளிக்கும், கடல் மீன் விலை ஏறும், வாவி மீனப் பாக்கணும். மாசி பங்குனியில வெள்ளாமை வெட்டு, அரிசியக் கடையில வாங்காம வட்டைக்காரர்ட்டயே கேளுங்க. கோடையில கச்சான் காத்து தொடங்கினா இலையெல்லாம் கருகிப் போகும், அப்ப முருங்கையும் கருவாடும்தான் கை குடுக்கும். ஒண்டு மட்டும், களைநாசினி அடிச்ச வரம்பா எண்டு கேக்காம இலை ஆயவே கூடாது.

மரவள்ளி மலிவுதான், ஆனா அதுக்குள்ள சயனைட்டா மாறுற சாமான் இருக்கு. விறகு மிச்சம் எண்டு கிடாரத்த மூடி அவிக்கிறாங்க, அது பிழை. தோல நல்லா உரிச்சு, கசக்குற கிழங்க எறிஞ்சு, நிறையத் தண்ணியில திறந்தபடி அவிச்சு அந்தத் தண்ணிய வடிச்சு ஊத்திரணும்.

மாசிக் கருவாட்டு விசயம் சொன்னாச் சிரிப்பீங்க. வெள்ளிக்கிழமை, மரக்கறிச் சாப்பாடு எண்டு ஊரெல்லாம் சொல்லிட்டு பழக்கத்துல சம்பலுக்குள்ள மாசியப் போட்டுட்டம், விரதக்காரர் அரைவாசிப் பேர் வெறுஞ்சோறு தின்னுட்டுப் போனாங்க. அதே மாதிரி பக்கத்து ஊர் முஸ்லிம் ஆக்களும் வாறாங்க எண்டா கோழி ஹலாலா அறுத்ததா இருக்கணும், அத முதல் நாளே பாருங்க, பந்தியில வச்சு யோசிக்கிறத விட மீனே நல்லம்.

எனக்குக் கோவம் வாறது லிஸ்ட் எடுக்கிறதுக்குத்தான். அரசாங்கம் குடுக்கிற அஸ்வெசும உதவிக்காசு லிஸ்ட்ல பேர் இருக்கா எண்டு கேட்டு, தட்ட நீட்டச் சொல்லி போட்டோவும் எடுத்தா உண்மையாப் பசிச்ச ஆள் அந்தப் பக்கமே வராது. நாங்க மூலையில ஒரு மூடின தகர டின் வச்சிருக்கம், ஏலுமான ஆள் காசு போடும், ஏலாத ஆள் தேங்காயோ விறகோ கொண்டு வரும், ஒண்டும் கொண்டு வராட்டியும் யாரும் திரும்பிப் பாக்கிறல்ல. ஓ, இலவசம் எண்டு போர்டும் போடாதீங்க.

கடைசியா பார்சல். அக்கரையில வயல் வேலை செய்யிற ஆக்களுக்கு எண்டு விடிய ஆறு மணிக்கே சுடச்சுடக் கட்டி பாதையில, அதான் அந்த மிதவையில, ஏத்தி அனுப்பினம், அவங்க பிரிக்கும்போது மத்தியானம் ஒரு மணி, சோறு புளிச்சு நாறுது. அவிச்சாலும் சாகாத கிருமி வித்து அரிசியில இருக்கு, வெதுவெதுண்டு மூடி வச்சா அது பெருகிரும், பால் விட்ட கறி இன்னும் கெதியாக் கெட்டுப்போகும். இப்ப பதினொரு மணிக்குத்தான் உலை இறக்குறது. அந்த ஆச்சிதான் உப்புப் பாக்கிறா.