மிதிவண்டி டியூப் பஞ்சரை வீட்டிலேயே ஒட்டும் முறை

காவிரிப் படுகையில் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்குத் தார்ச்சாலையைவிட ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையுமே அதிகம் பழகிய பாதைகள். வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பதற்கு முன் வாய்க்கால்களைத் தூர்வாரும் நாட்களில், வெட்டிப்போட்ட சீமைக்கருவேலக் கிளைகள் இந்தக் கரைகளில்தான் கிடக்கும். சம்பா அறுவடைக்குப் பிறகு விளைந்த உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பி வண்டிச் சக்கரங்களால் காய்களை உடைக்கும் பங்குனியில், செடியோடு நெருஞ்சியும் சாலைக்கு வந்துவிடும். இந்த முட்கள் டயருக்குள் ஒடிந்து தங்கிவிடும் குணம் உடையவை என்பதால், ஓட்டையை அடைப்பதோடு நிறுத்தினால் அதே இடத்தில் மறுநாளே மீண்டும் பஞ்சராகும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வேலையிலும் ஓட்டை எதனால் விழுந்தது என்ற கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.

காற்று இறங்கியவுடன் டயரைக் கழற்றத் தொடங்க வேண்டாம். நம் ஊர்ச் சாதாரண மிதிவண்டிகளில் பெரும்பாலும் வால்வு பின்னின் மேல் ஒரு சிறு ரப்பர் குழல் மாட்டப்பட்டிருக்கும். அந்த வால்டியூப் வெயிலிலும் நாட்பட்ட பயன்பாட்டிலும் இற்றுப்போனால், டியூபில் ஒரு குறையும் இல்லாமலேயே காற்று இறங்கும். சக்கரத்தில் கொஞ்சம் காற்று அடித்து, வால்வின் வாயில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் பின்னைக் கழற்றிப் பழைய குழலை உரித்துவிட்டு, புதிய துண்டை நீரில் நனைத்து, பின்னின் பக்கவாட்டுத் துளையை முழுவதும் மூடும்படி ஏற்றினால் போதும். சில ரூபாயில் முடியும் இந்த வேலைக்காக முழுச் சக்கரத்தையும் பிரிப்பவர்கள் உண்டு.

வால்வில் குறை இல்லையென்றால் வண்டியைத் தலைகீழாக, இருக்கையும் கைப்பிடியும் தரையில் படும்படி நிறுத்துங்கள். சக்கரத்தைக் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை. டியூபின் பெரும்பகுதியை ஒரு பக்கமாக வெளியே இழுத்தாலே வேலை நடக்கும். பின்சக்கரமாக இருந்தால் சங்கிலி இல்லாத பக்கத்திலிருந்து வேலை செய்வது கைக்கு நல்லது. கழற்றும் முன் சக்கரத்தை மெல்லச் சுற்றி, டயரின் மேற்பரப்பில் முள்ளோ ஆணியோ தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் அந்த இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் குறியிட்டுக்கொள்ளுங்கள்.

வால்வு பின்னை எடுத்து மிச்சக் காற்றையும் இறக்கிவிட்டு, டயரின் இரு ஓரங்களையும் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளினால் டயர் தளரும். டயர் லீவர் இல்லாத வீட்டில் தடித்த எவர்சில்வர் கரண்டியின் காம்பு போதும். கூர் முனை உள்ள திருப்புளியைப் பயன்படுத்தினால் இருக்கிற ஓட்டையோடு இன்னொன்றும் சேரும். வால்வுக்கு அருகிலிருந்து தொடங்கி ஒரு பக்க ஓரத்தை மட்டும் ரிம்முக்கு வெளியே கொண்டு வாருங்கள். பிறகு வால்வு நட்டைக் கழற்றி, வால்வை உள்ளே தள்ளி, டியூபை இழுத்தெடுங்கள். டியூபின் எந்தப் பக்கம் சங்கிலியை நோக்கி இருந்தது என்பதைப் பேனாவால் குறித்துவைப்பது முக்கியம். பின்னர் ஓட்டை அகப்பட்டதும், வால்விலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்தால், டயரிலும் அதே தூரத்தில்தான் முள் இருக்கும்.

பின்னை மீண்டும் பொருத்தி, டியூப் சற்றே உப்பும் அளவுக்குக் காற்று அடித்து, ஒரு பேசின் தண்ணீரில் பகுதி பகுதியாக அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வாசலிலேயே வாய்க்கால் ஓடினாலும் வண்டல் கலந்த நீரில் சிறு குமிழி எங்கிருந்து கிளம்புகிறது என்பது தெரியாது. தெளிந்த குழாய்த் தண்ணீரே நல்லது. ஓட்டையை நடுவில் வைத்து, பின்னால் ஒட்டப்போகும் துண்டுக்கு வெளியேயும் நீளும்படி ஒரு பெருக்கல் குறி போடுங்கள். தேய்க்கும்போது நடுவில் உள்ள மை அழிந்தாலும் நான்கு நுனிகளும் இடத்தைக் காட்டும். ஒன்று கிடைத்தவுடன் நிறுத்திவிடாமல் முழு டியூபையும் சுற்றிப் பாருங்கள். நீண்ட கருவேல முள் ஒரு சுவரைத் துளைத்து எதிர்ச் சுவரையும் குத்தியிருக்கக்கூடும்.

ஓட்டை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். டயரைத் தொடும் வெளிப்பக்கத்தில் இருந்தால் முள், ஆணி, கண்ணாடிச் சில்லு. அருகருகே இரண்டு கீறல்கள் இருந்தால், காற்று குறைவாக இருந்தபோது பள்ளத்தில் இறங்கி டியூப் டயருக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கியிருக்கிறது. ரிம்மைத் தொடும் உட்பக்கத்தில் இருந்தால் போக்ஸ் கம்பியின் முனையோ துருவோ காரணம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ரிம் உட்புறம் துருப்பிடித்து, மேலே சுற்றியிருக்கும் ரிம் நாடாவை அரித்துவிடுவது சாதாரணம். அத்தகைய ரிம்மை உப்புத்தாளால் தேய்த்து, நாடாவைப் புதிதாகச் சுற்றாமல் டியூபை மட்டும் ஒட்டுவது வீண் வேலை.

இனி டயரின் உட்புறம். அளந்த இடத்தில் முதலில் கண்ணால் பார்த்து, பிறகு ஒரு பழைய துணியைச் சுற்றிலும் இழுத்துச் செல்லுங்கள். முள் முனை இருந்தால் துணி நூல் மாட்டிக்கொள்ளும். வெறும் விரலால் தடவுவது விரலுக்கு ஆகாது. வெளியே தலை தெரியாத முள்ளை உள்ளிருந்து குறடால் பிடித்து இழுக்க வேண்டும், அல்லது ஊசியால் வெளியே நெம்ப வேண்டும்.

ஒட்டும் வேலையில் பொறுமைதான் பெரும்பங்கு. காற்றை முழுவதும் இறக்கி, டியூபை ஈரமில்லாமல் துடைத்து உலரவிடுங்கள். ஓட்டையைச் சுற்றி, ஒட்டுத்துண்டைவிடச் சற்று அகலமாக, பளபளப்பு போய்க் கருமை மங்கும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். டியூபில் நீளவாக்கில் ஓடும் வார்ப்புக் கோடு அந்த இடத்தில் இருந்தால் அதையும் தேய்த்துச் சமமாக்குங்கள். இல்லையேல் அந்தக் கோட்டின் ஓரமாகவே காற்று கசியும். தூளைத் துடைத்த பின் அந்த இடத்தை விரலால் தொடக்கூடாது. பிறகு சொல்யூஷன் என்னும் பஞ்சர் பசையை மெல்லிய படலமாகப் பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதில் உள்ள கரைப்பான் ஆவியாகும் முன் துண்டை வைத்து அழுத்தினால், அது உள்ளேயே சிக்கி ஒட்டைத் தளர்த்திவிடும். ஈரப் பளபளப்பு போய், விரலின் பின்புறத்தால் ஓரத்தைத் தொட்டால் பிசுபிசுப்பு மட்டும் இருக்கும் பதம் வர வெயில் காலத்தில் ஏறக்குறைய 5 நிமிடம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் இன்னும் கூடுதலாகக் காத்திருங்கள். சொல்யூஷன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்படியில் இந்த வேலை வேண்டாம்.

கடையில் வாங்கிய ஒட்டுத்துண்டின் பின்தாளை உரித்து, ஒட்டும் முகத்தைத் தொடாமல் ஓட்டையின் மேல் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். பின் சமமான பலகையில் வைத்து, கரண்டியின் முதுகால் ஓரங்களை நன்றாகத் தேயுங்கள். ஆயத்தத் துண்டு கிடைக்காவிட்டால் பழைய டியூபிலிருந்து வெட்டிய துண்டும் உதவும். அதை வட்டமாகவே வெட்டுங்கள், மூலைகள் இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். அதன் முகத்தையும் தேய்த்து, அதிலும் சொல்யூஷன் பூசி உலரவிட வேண்டும். ஒட்டி முடித்த இடத்தில் கொஞ்சம் முகப் பவுடர் தூவினால் மிஞ்சிய பசை டயரில் பிடிக்காது.

டியூபில் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று அடித்து, வால்வைத் துளையில் நுழைத்து, முறுக்கில்லாமல் டயருக்குள் வையுங்கள். டயர் ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கிக் கட்டைவிரல்களாலேயே ஏற்றி, வால்வுக்கு அருகில் முடியுங்கள். கடைசிச் சாண் இறுக்கமாக இருந்தாலும் அங்கே கரண்டிக் காம்பை நுழைக்காதீர்கள், ஒட்டிய டியூப் மறுபடி கிழிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி வெளியே இழுத்தால் அதன் அடியில் சிக்கிய டியூப் விடுபடும். பிறகு நட்டைக் கையால் இறுக்கி, பாதிக் காற்று அடித்து, இருபுறமும் டயர் ஓரம் ரிம்மில் சீராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பின் மீதிக் காற்றை நிரப்புங்கள். உர மூட்டையோ நெல் மூட்டையோ ஏற்றும் வண்டியின் பின்சக்கரத்தில் கட்டைவிரலால் அமுக்கினால் அமுங்காத அளவுக்குக் காற்று இருக்க வேண்டும்.

வால்வின் அடிப்பகுதியில் கிழிசல் இருந்தாலோ, ஓட்டை ஓர் அங்குல நீளக் கீறலாக இருந்தாலோ, டியூப் முழுவதும் வெடிப்பு ஓடியிருந்தாலோ ஒட்டிப் பயனில்லை. 28 அங்குலமா 26 அங்குலமா என்று டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அதே அளவில் புதிய டியூப் வாங்கிவிடுங்கள். திறந்த சொல்யூஷன் குப்பியின் மூடியை இறுக மூடிவைக்காவிட்டால் அடுத்த பஞ்சருக்குள் உள்ளேயே காய்ந்துவிடும்.